பயந்தவளும் பயப்படாதவனும்: ஒரு நீச்சல் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பிள்ளைகள் இருவர். ஆறு வயது முடிந்த அக்கா, நான்கு வயதும் இரண்டு மாதமும் ஆன தம்பி. இடம், சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளம். ஏப்ரல் கடைசி வாரத்தில் வகுப்பு தொடங்கியது. அந்தக் குளத்தில் பதினோரு ஆண்டுகளாகச் சிறு குழந்தைகளுக்குத் தொடக்கப் பயிற்சி கொடுத்து வருகிறேன். நடுவில் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடிக்கவே லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற மாதங்களில் மட்டும் குளம் வெறும் பள்ளமாகக் கிடந்தது. பெற்றோரிடம் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது, ஏனென்றால் இதில் என் தவறும் இருக்கிறது.

என்னிடம் கொண்டுவரப்பட்ட பிரச்சினை அக்காதான். "இவள் தண்ணீரைக் கண்டாலே அலறுவாள், இவளை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் மிஸ். சின்னவனுக்குப் பயமே கிடையாது, தானாகப் படித்துக்கொள்வான்" என்று முதல் நாளே அம்மா சொன்னார். நானும் நம்பினேன். ஒன்பதாவது வகுப்பில் மூழ்கப் பார்த்தவன் தம்பி.

இந்தக் குடும்பத்துக்கு நீச்சல் வகுப்பு பொழுதுபோக்காக வந்த விஷயமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் அவர்கள் குடியிருந்த வீட்டின் தரைத்தளம் மூழ்கி, தாத்தாவைப் படகில் ஏற்றிக்கொண்டுபோக நேர்ந்தது. அப்போது குழந்தைகள் பிறக்கவில்லை. பிறந்தால் நீச்சல் தெரியாமல் வளர்க்கக் கூடாது என்று அம்மா அன்றைக்கே முடிவுசெய்துவிட்டாராம். அப்பாவின் காரணம் வேறு. 1994-இல் பள்ளிச் சிறுவனாக இருந்த குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தபோது, சென்னையில் வீட்டுக்கு வீடு அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை உசுப்பினார்கள். அப்படி உசுப்பப்பட்டும் நீந்தக் கற்றுக்கொள்ளாதவர் இவர். தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிணற்றில், முதுகில் தகர டின் கட்டி இறக்கிவிடப்பட்டவர். அவருக்கு முந்தைய தலைமுறை சுரைக்குடுவை கட்டிக்கொண்டு இறங்கியதாகச் சொல்வார். "தூக்கிப் போட்டால் தானே வந்துவிடும்" என்பது அவர் கட்சி. தூக்கிப் போட்டு வராமல் போனவர்கள் யாரும் பேரன் பேத்தி எடுத்து இந்தக் கதையைச் சொல்ல வருவதில்லை என்று ஒருமுறை சொன்னேன். கோபித்துக்கொள்ளாமல் சிரித்தார்.

நான்கு வயது சீக்கிரம் இல்லையா என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே 2000-இல் நான்கு வயது ஆகும்வரை பிள்ளைகள் முறையான நீச்சல் வகுப்புக்குப் பக்குவப்படுவதில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. 2009-இல் வந்த ஓர் ஆய்வு, ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ளவர்களில் முறையாகப் பயிற்சி பெற்றவர்களுக்கு மூழ்கும் ஆபத்து 88 சதவீதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. அடுத்த ஆண்டே கழகம் தன் கருத்தைத் தளர்த்தியது. 2019-இல் ஒரு வயதிலிருந்தே பல குழந்தைகளுக்குப் பயன் உண்டு என்று எழுதியது. ஒரு வயதுக்குக் கீழே பயன் இருப்பதற்குச் சான்று இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. கைக்குழந்தையைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் கடைசி வரியைத்தான்.

அக்கா

முதல் இரண்டு வகுப்புகள் அவள் படியில் உட்கார்ந்தே கழிந்தன. முழங்கால்வரை இறங்குவாள். இடுப்புவரைகூட வந்தாள். ஆழத்தைக் கண்டு அவளுக்குப் பயம் இல்லை. பக்கத்தில் யாராவது காலை உதைத்துத் துளி தெறித்தால்தான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு விறைத்துவிடுவாள்.

மூன்றாம் நாள் பிளாஸ்டிக் குவளையில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு, அவள் தோளில் ஊற்றக் கையை உயர்த்தினேன். தண்ணீர் விழுவதற்கு முன்பே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, புறங்கையால் கண்ணைத் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். அவள் முகத்தில் குளத்துத் தண்ணீர் அதுவரை ஒரு சொட்டுகூடப் படவில்லை. "என்ன ஆகும் கண்ணா?" என்று கேட்டேன். "எரியும்" என்றாள்.

எரியுமா? குளோரின் இல்லை, அது அவள் கண்ணுக்குப் போகவே இல்லை. அன்று மாலை பாட்டியிடம் பேசியபோதுதான் புரிந்தது. வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய்க் குளியல். காலுக்கிடையில் குழந்தையை உட்கார வைத்து, தலையை அண்ணாத்திப் பிடித்து, சீயக்காய் தேய்த்து, சொம்பு சொம்பாக ஊற்றுவது. திமிறினால் இன்னும் இறுக்கிப் பிடிப்பது. நம் வீடுகளில் இது அன்பின் சடங்கு, நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் அந்தக் குழந்தையின் உடம்பு இரண்டு பாடங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. முகத்தில் தண்ணீர் விழுந்தால் கண் எரியும். ஒரு பெரியவர் தலையைப் பிடித்தால் தப்ப முடியாது. நீச்சல் வகுப்பில் நான் செய்யப் பார்த்ததும் இதே இரண்டைத்தான்.

ஆகவே வைத்தியம் குளத்தில் தொடங்கவில்லை, குளியலறையில் தொடங்கியது. சீயக்காய் இல்லாத நாட்களில், வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், சொம்பு அவள் கையில். அவளே மூன்று எண்ணி அவளே ஊற்றிக்கொள்ள வேண்டும். பாட்டி தலையைத் தொடக் கூடாது. முதல் நாள் தோள், பிறகு காது, பிறகு உச்சி, கடைசியாக நெற்றி. இன்னொரு பக்கம், ஊதப் பழக்கினேன். சூடான ரசத்தை ஆற்றுவதுபோல ஊதச் சொன்னால் உடனே வந்தது. டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழல் வைத்து ஊதினாள். பிறகு குளத்து நீரை ஊதிக் குழி பறித்தாள். பிறகு உதட்டை நீரில் வைத்து ஊதிக் குமிழி விட்டாள்.

ஊதுவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தொடக்க வகுப்புகளில் பெற்றோர் கையையும் காலையும்தான் பார்க்கிறார்கள். ஒரு மாதத்தில் எத்தனை மீட்டர் என்று கேட்கிறார்கள். நீச்சலில் முதலில் கற்க வேண்டியது மூச்சை வெளியே விடுவது. பயந்த பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிடித்தது தாங்காமல் போகும்போது தண்ணீருக்குள்ளேயே வாயைத் திறக்கும். ஊதிக்கொண்டிருக்கும் வாய்க்குள் தண்ணீர் போவதில்லை. தலையை வெளியே எடுத்ததும் மூச்சு தானாக உள்ளே வந்துவிடும், அதைச் சொல்லித்தரவே வேண்டாம். வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய நீச்சல் வளாகத்தில் நான் கற்றுக்கொண்ட காலத்தில், எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. "மூச்சைப் பிடி, குதி" என்றார்கள். நான் ஒழுங்காக மூச்சு விடக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது.

ஏழாவது வகுப்பில் அக்கா தானாகவே மூக்குவரை முகத்தை அமிழ்த்திக் குமிழி விட்டாள். யாரும் கைதட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். கைதட்டினால் அடுத்த முறை அவள் எங்களுக்காகச் செய்வாள்.

தம்பி

இவனைப் பற்றி ஒன்பதாம் நாள்வரை என் குறிப்பேட்டில் இரண்டே வரிகள்தான் இருந்தன. "பயமில்லை. கைமிதவையுடன் நன்றாகச் சுற்றுகிறான்." இப்போது படிக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

புஜத்தில் மாட்டும் காற்றடைத்த கைமிதவை. பிறந்தநாள் விருந்துகளில், உல்லாச விடுதிக் குளங்களில் அதைப் போட்டுக்கொண்டு பழகியவன். கழற்றினால் அழுதான். ஆறு பிள்ளைகளை ஒரே ஆளாகச் சமாளிக்க வேண்டிய எனக்கு, ஒருவனாவது மிதந்துகொண்டிருப்பது வசதியாக இருந்தது. மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டேன். அதோடு நிற்காமல், எல்லோர் முன்னாலும் அவனை மீன்குட்டி என்று வேறு அழைத்தேன்.

அந்த மிதவை பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். அக்குளுக்கு மேலே தூக்கிப் பிடிப்பதால் உடம்பு நெட்டுக்குத்தாக நிற்கிறது. கால் சைக்கிள் மிதிப்பதுபோல ஓடுகிறது. முகம் நனைவதே இல்லை. நீரில் நிற்க முடியும் என்று உடம்பு நம்பிவிடுகிறது. நீச்சலுக்கு வேண்டியது படுக்கை நிலை, நனைந்த முகம், வெளியே போகும் மூச்சு. மூன்றுக்கும் நேர் எதிரானதை மணிக்கணக்கில் பழகி, அதற்குப் பாராட்டும் வாங்கியிருந்தான்.

ஒன்பதாவது வகுப்பு, மே மாதத்தின் முதல் வாரம், கத்திரி தொடங்கியிருந்தது. காலை 6.45-க்குத் தொடங்கி 7.30-க்கு முடிய வேண்டிய வகுப்பு இரண்டு நிமிடம் தாண்டியது. பிள்ளைகளைக் கரையேற்றி, மிதவையைக் கழற்றி, துண்டு போர்த்திவிட்டேன். அம்மா பையை அடுக்கிக்கொண்டிருந்தார். தாத்தா மூன்று மீட்டர் தள்ளி நாற்காலியில் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு பிள்ளையின் தாய் அருகில் நின்றார். குளத்துக் காவலர் மோட்டார் அறைக்குப் போயிருந்தார். நான் வருகைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மொத்தம் நான்கு பெரியவர்கள், மற்ற மூவரில் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற நிம்மதியில் நான்கு பேரும்.

பிறகு நடந்ததைக் குடியிருப்பின் கண்காணிப்புக் கேமராப் பதிவில் பலமுறை பார்த்திருக்கிறேன். மிதந்துகொண்டிருந்த சிவப்பு வாளியை எடுக்க அவன் படியில் இறங்குகிறான். கடைசிப் படியிலிருந்து கால் எடுத்து வைப்பதைச் சுழியம் என்று கொள்கிறேன். மூன்றாவது விநாடியில் கால் தரையில் பாவாமல் உடம்பு முன்னுக்குத் தள்ளுகிறது. பிறகு தலை பின்னுக்குச் சாய்கிறது. வாய் நீர்மட்டத்தில் திறந்து மூடுகிறது. இரண்டு கைகளும் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அழுத்துகின்றன, கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறப் பார்ப்பதுபோல. தண்ணீர் தெறிக்கவில்லை. சத்தம் இல்லை. ஒன்பதாவது விநாடியில் தாத்தா திரும்பி நேராக அவனைப் பார்க்கிறார். மறுபடி பேச்சுக்குத் திரும்பிவிடுகிறார். பதின்மூன்றாவது விநாடியில் அக்கா என் குர்த்தாவை இழுக்கிறாள். "மிஸ், தம்பி விளையாடுகிறான்" என்றாள். கோள் சொல்கிற குரல்தான் அது, பதற்றம் இல்லை. பதினேழாவது விநாடியில் என் கை அவன் அக்குளுக்கடியில் இருக்கிறது.

தாத்தாவை யாரும் குறை சொல்லக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டேன். மூழ்குகிறவர் கத்துவார், கையை வீசுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறோம். மூச்சுக்கே வாய் போதாதபோது கத்த முடியாது. கையை உயர்த்தி வீசவும் முடியாது, தண்ணீரை அழுத்தித் தலையை மேலே வைப்பதற்கே அது தானாகப் போய்விடும். சிறு குழந்தைக்கு இந்தக் கட்டம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம். பார்க்கிறவருக்கு அது விளையாட்டுபோலத்தான் இருக்கும். அக்காவுக்கும் அப்படித்தான் இருந்தது.

வெளியே எடுத்ததும் இருமினான், காலையில் குடித்த பாலை வாந்தி எடுத்தான், பிறகு ஓங்கி அழுதான். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. தாத்தா ஓடிவந்து கிணற்றுக்கரை வழக்கப்படி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றப் பார்த்தார். "ஐயா, விடுங்கள்" என்று கையைத் தட்டிவிட்டேன், வயதில் பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை. சுற்றுவதாலும் வயிற்றை அமுக்குவதாலும் வருவது பெரும்பாலும் இரைப்பைத் தண்ணீர்தான். அது மேலே வந்து மூச்சுக்குழலில் இறங்கும் ஆபத்து உண்டு, பொன்னான நேரமும் போய்விடும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால், முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதிவிட்டு, உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும், இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். அவனுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. இருமல் நிற்காததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நெஞ்சைச் சோதித்து, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்த்து, பிற்பகல்வரை வைத்திருந்து அனுப்பினார்கள். அன்றிரவு அம்மாவின் வாட்ஸ்அப்பில் 'உலர் மூழ்கல்' பற்றி, அதாவது தண்ணீரிலிருந்து மீண்ட பிள்ளை நன்றாக இருந்துவிட்டுப் பல மணி நேரம் கழித்துத் திடீரென்று இறந்துவிடும் என்று, நாலாபக்கமிருந்தும் எச்சரிக்கைகள் குவிந்தன. மருத்துவ உலகம் அந்தச் சொல்லை ஏற்பதில்லை. தண்ணீரில் திணறிய பிள்ளைக்கு அடுத்த சில மணி நேரத்தில் இருமல் கூடுகிறதா, மூச்சு வாங்குகிறதா, அசாதாரணத் தூக்கம் வருகிறதா என்று பார்ப்பதே போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

எங்கே தவறியது

ஆழம் குறைந்த பக்கம் மூன்றடி, அதாவது 91 சென்டிமீட்டர். அவன் உயரம் 101. பத்து சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. நான்கு வயதுப் பிள்ளைக்கு முகவாயிலிருந்து உச்சந்தலைவரை ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். வாய் தண்ணீருக்குள், மூக்கு மட்டத்தில். 'குழந்தைகள் பக்கம்' என்று சுவரில் எழுதியிருக்கும் இடம் அவனுக்கு ஆழம்.

அவனுக்குக் குளிரெடுத்திருந்தது. மே மாதத்துத் தண்ணீரில் என்ன குளிர் என்பார்கள். எடைக்கு மிஞ்சிய தோல்பரப்பு கொண்ட சின்ன உடம்பு வெப்பத்தைச் சீக்கிரம் இழக்கும். முக்கால் மணி நேரம் அந்த வயதுக்கு அதிகம் என்று எனக்குத் தெரியும். கட்டணத்துக்கேற்ற நேரம் வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்ப்பார்கள் என்பதற்காகவே நீட்டிக்கொண்டிருந்தேன்.

வகுப்பு முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம், குளம் நினைக்கவில்லை. பாதுகாப்பு என் கையிலிருந்து பெற்றோர் கைக்கு மாறும் அந்த இரண்டு நிமிடத்துக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. 2012-இல் நகரின் பள்ளி ஒன்றின் நீச்சல் குளத்தில் நான்காம் வகுப்பு மாணவன் இறந்தபோது, பயிற்சியாளர் எத்தனை பேர், காவலர் எத்தனை பேர் என்ற கேள்விகள் எழுந்தன. எண்ணிக்கையைப் பற்றிய கேள்விகள் வேண்டியவைதான். எங்கள் குளத்தில் அன்று எண்ணிக்கை போதுமானதாகவே இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நான் துணிச்சலைத் திறமை என்று படித்தேன். மிதவை இல்லாமல், யாரும் தொடாமல், அவனால் தண்ணீரில் என்ன செய்ய முடியும் என்று ஒன்பது நாளில் ஒருமுறைகூட நான் சோதிக்கவில்லை. பயந்த அக்காவைப் பற்றி ஏழு பக்கம் எழுதியிருந்தேன்.

திரும்பி வந்தபின்

ஆறு நாள் கழித்து இருவரும் வந்தார்கள். தம்பி இப்போது படியை விட்டு இறங்க மறுத்தான். கைமிதவைகளை ஒரு பையில் போட்டு வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். அவனுக்கான பாடம் ஒன்றே ஒன்றாகச் சுருங்கியது: விழு, திரும்பு, சுவரைப் பிடி. கரையில் உட்கார்ந்து என் கையில் விழுவது, உடம்பைத் திருப்பி விளிம்பைப் பற்றுவது, முழங்கை, வயிறு, முழங்கால் என்று ஏறிக் கரை சேர்வது. ஊதுவதற்கு அக்காவே அவனுக்கு ஆசிரியை ஆனாள், ரசம் ஆற்றும் முறையில். வகுப்பு அரை மணியாகக் குறைந்தது. ஒரு தந்தை மட்டும் கட்டணத்தில் கழிவு கேட்டார்.

கரையில் இருப்பவர்களுக்கு ஒரு பட்டை செய்தோம். மஞ்சள் கயிற்றில் கோத்த அட்டை. கழுத்தில் அது இருப்பவர் கைபேசியைத் தொடக் கூடாது, பேசக் கூடாது, அடுத்தவர் கழுத்தில் மாட்டும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. கடைசிப் பிள்ளை கம்பிக் கதவைத் தாண்டும்வரை அது யார் கழுத்திலாவது இருக்க வேண்டும். முதல் வாரம் முழுவதும் தாத்தா அதை யாருக்கும் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் தானும் குளத்தில் இறங்கினார். தலை நனையாமல் எட்டு மீட்டர் நீந்தினார், கிணற்று நீச்சல். முகத்தை நீரில் வைக்கச் சொன்னேன். இந்த வயதில் வேண்டாம் என்றார்.

உலக சுகாதார நிறுவனம் 2024 இறுதியில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2021-இல் உலகில் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள், அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்டவர். அந்த எண்ணிக்கையை எத்தனையோ பெற்றோர் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். யாரும் அசைந்ததில்லை. கேமராப் பதிவின் அந்தப் பதினேழு விநாடிகளை, அம்மாவின் சம்மதத்தோடு, இப்போது புதிய பெற்றோருக்குப் போட்டுக் காட்டுகிறேன். பாதிப் பேர், "இதில் என்ன நடக்கிறது?" என்று கேட்கிறார்கள்.

ஜூன் முதல் வாரத்து நிலவரம். தம்பி பள்ளிச் சீருடையுடன் தள்ளிவிட்டாலும் நான்கு விநாடிக்குள் சுவரைப் பிடிக்கிறான். கோபத்தில் ஒருமுறை என்னைத் திட்டவும் செய்தான். அக்கா மல்லாந்து இருபது எண்ணும்வரை மிதக்கிறாள், இரண்டு மீட்டர் வழுக்கிப் போகிறாள், ஆனால் கைவீச்சு இன்னும் வரவில்லை. எண்ணெய்க் குளியல் தொடர்கிறது, சீயக்காயைத் தானே தேய்த்துக்கொள்கிறாள்.

பள்ளி திறந்ததும் நீர்விளையாட்டுப் பூங்காவுக்குச் சுற்றுலா என்று ஒரு படிவம் வந்திருக்கிறது. 'நீச்சல் தெரியுமா: ஆம் / இல்லை' என்று இரண்டு கட்டங்கள். என்ன போடுவது என்று அம்மா கேட்டார். இருவருக்கும் 'இல்லை' என்று போடுங்கள் என்றேன். அவருக்கு மனம் வரவில்லை. தம்பியின் படிவத்தில் 'இல்லை'யைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, அக்காவின் படிவத்தில் இரண்டு கட்டங்களுக்கும் வெளியே, ஓரத்து வெள்ளையில், "ஊதத் தெரியும்" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்.